கடலோரப் பழைய வீட்டில் தங்கியவங்க யாராவது இருக்கீங்களா?

வணக்கம். டிசம்பர் லீவுக்கு ஊர்லேர்ந்து பெரியப்பா, பெரியம்மா சிங்கப்பூருக்கு வர்றாங்க. ஹோட்டல் வேண்டாம், தண்ணிப் பக்கமா அந்தக்காலத்து வீட்டுல தங்கணும்னு பெரியப்பாவுக்கு ஆசை.

"காத்தோங் கடற்கரை வீடு, மூணு ராத்திரி"ன்னு ஒரு விளம்பரம் கண்ணுல பட்டுச்சு. அங்கே 1960களில் ஆரம்பிச்சு கடலை மண் கொட்டி நிரப்புனதுல கடல் எப்பவோ தள்ளிப் போயிடுச்சே! அது கிடக்கட்டும். இங்கே தனியார் வீட்டை மூணு மாசத்துக்குக் குறைவா வாடகைக்கு விடக்கூடாது, வீவக (அரசாங்க வீடமைப்புக் கழக) வீடுன்னா ஆறு மாசம். அதனால அந்த விளம்பரத்தை விட்டுட்டேன்.

சாங்கி கடலோரத்துல பழைய பங்களா ஏதாவது, சட்டப்படி குடும்பத்தோட தங்குற மாதிரி இப்போ கிடைக்குதா? இல்லேன்னா மலேசியாவுல மலாக்கா ஆற்றோர வீடுகள்தான். ஆனா அங்கே குறுகலா, நீளமா இருக்கிற பழைய கடைவீடுகள்ல மாடிப்படி செங்குத்தா இருக்கும். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. கீழ்த்தளத்துலயே படுக்கையறையும் பாத்ரூமும் உள்ள வீட்டுல யாராவது தங்கியிருக்கீங்களா? ராத்திரி படகுச் சத்தம், கொசு எப்படி? வாசல் வரைக்கும் கார் போகுமா?

போட்டோ இருந்தா போடுங்க, ப்ளீஸ். வர்ற ஞாயிறுக்குள்ள புக் பண்ணியாகணும்.