பேருந்தில் ஏற முடியாதவர்களை எப்படிக் கணக்கெடுப்பது?

வணக்கம். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து எங்கள் வட்டாரப் பேருந்துச் சேவையைத் தொடர்ந்து கண்காணிக்கலாம் என்று இறங்கியிருக்கிறோம், எதை அளப்பது என்பதில்தான் உதவி வேண்டும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் என்ற தரவு இணையத்தளத்தில் அடுத்த பேருந்து எப்போது வரும், உட்கார இடம் உண்டா இல்லை நிற்கத்தானா, எந்த நிறுத்தத்தில் எந்த மணி நேரத்தில் எத்தனை பேர் ஏறி இறங்கினார்கள் என்பதெல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் பேருந்தில் ஏறிக் கட்டண அட்டையைத் தட்டியவர்தான் அந்தக் கணக்கில் வருவார். கூட்டத்தால் ஏற முடியாமல் நிற்பவரும், சக்கர நாற்காலியோடு அடுத்த பேருந்துக்குக் காத்திருக்கும் பாட்டியும் அதில் இல்லை, எனக்கு அவர்கள்தான் முக்கியம். தொண்டூழியர்கள் நிறுத்தத்தில் நின்றபடியே நிரப்பக்கூடிய எளிய படிவம் யாரிடமாவது இருக்கிறதா? அப்புறம், காலை உச்ச நேரம் மட்டும் எண்ணினால் போதுமா, மழை நாளைத் தனியாகக் குறிக்க வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.