நெஞ்சுக்குள் இருக்கும் இரும்பைத் திரையில் கண்ட நாள்

மாங்குளத்தான்:
2009இல் போரின் கடைசி மாதங்களில், மாத்தளனில் தம்பியின் இடது நெஞ்சில் ஏறிய செல் (எறிகணை) துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது; இங்குள்ள பலருக்கு இதை விளக்கத் தேவையில்லை. போன வருடம் இருமலுக்காக எடுத்த சி.ரி. ஸ்கானை வைத்தியர் முப்பரிமாணமாக்கித் திரையில் சுழற்றிக் காட்டினார். தோலும் தசையும் நீங்கி, விலா என்புகள் மெல்லத் திரும்பி வந்தன. அவற்றில் ஒன்று வளைந்திருந்ததைக் கண்டதும், "இது பாலைப்பழத்துக்கு ஏறி விழுந்து முறிந்தது" என்று அம்மா திரையில் விரலை வைத்துவிட்டார். பிறகு இதயத்துக்குப் பின்னால் வெள்ளையாகத் தெரிந்த துண்டைக் காட்டி, "பிள்ளை திரும்பிப் படுத்தால் இது குத்தாதா, டொக்டர்?" என்று கேட்டார். எடுக்கத் தேவையில்லை என்று மட்டும் சொல்லி அவர் அடுத்தவரை அழைத்தார். அன்றுமுதல் அம்மா இரவில் எழும்பி, தம்பி எந்தப் பக்கம் படுத்திருக்கிறான் என்று பார்க்கிறார்.

ஒட்டுசுட்டான் மகள்:
அப்பாவின் தோள்பட்டை என்பில் இரண்டு ஓட்டைகளை அப்படியொரு படத்தில் கண்டு, புற்றுநோய் அரித்துவிட்டது என்று வீட்டில் அடுப்பு மூட்டாமல் இருந்தோம். மெல்லிய என்பைக் கணினி விட்டுவிட்டது என்பது ஒரு கிழமைக்குப் பிறகுதான் தெரிந்தது. இல்லாததைக் காட்டும் படத்தை நோயாளிக்குக் காட்டவே கூடாது.

ஸ்கான் அறையில் வேலை செய்தவன், வவுனியா:
தங்கச்சி சொல்வதை நான் ஏற்கவில்லை. அது புகைப்படம் அல்ல என்று சொல்லாமல் காட்டியதுதான் தவறு. ஒரு பெரியவர் இடையில் இருமியதால், அவருடைய மார்பென்பு முறிந்து படியாக நிற்பதுபோல் படம் வந்ததை நானே கண்டிருக்கிறேன்.

இயந்திரம் நெஞ்சை மெல்லிய வெட்டுகளாக எடுத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் கொடுக்கிறது: தண்ணீருக்கு 0, காற்றுக்கு மறை 1000 (-1000), கெட்டியான என்புக்குப் பல நூறு முதல் ஆயிரத்துக்கு மேல். சி.ரி. ஸ்கானை உருவாக்கியதற்காக 1979இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்கும் அளவு அது. குறித்த எண்ணுக்கு மேலுள்ளதை மட்டும் காட்டும்படி கணினியிடம் சொன்னால், தோள்பட்டையின் கடதாசி போன்ற நடுப்பகுதி அந்த எல்லைக்குக் கீழே விழுந்து ஓட்டையாகிவிடும். இரும்பு இதற்கு எதிர்மாறு. சுற்றிலும் கீற்றுகளை எறிந்து, உள்ளதைவிடப் பெருத்துத் தெரியும். ஆகவே அம்மா கண்ட துண்டு உண்மையில் அதைவிடச் சிறியதாக இருக்கக்கூடும். அதோடு, அது மல்லாந்து படுத்து மூச்சை அடக்கிய ஒரு கணத்தின் படம். திரையில் திரும்பியது படம், பிள்ளையல்ல.

பல வருடம் கிடந்த துண்டைத் தழும்புத் திசு சூழ்ந்து பிடித்திருப்பது வழக்கம். ஆயினும் அது இடம் மாறியதா என்பதைப் பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் பக்கத்தில் வைத்துத்தான் சொல்லமுடியும். சுழலும் படத்தை மட்டுமல்ல, வெட்டுகள் முழுவதையும் சீடியில் கேட்டு வாங்குங்கள். நரம்பில் மருந்து ஏற்றி ஸ்கான் எடுப்பதானால், சிறுநீரக நோய் மலிந்த நம் பகுதியில் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியற்றினின் இரத்தச் சோதனையைப் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். எவராவது எம்.ஆர்.ஐ.க்கு எழுதினால், உள்ளே இரும்பு இருக்கிறது என்பதையே முதலில் சொல்லுங்கள். அந்த இயந்திரத்தின் பலமான காந்தம் அதை அசைக்கக்கூடும்.

மாங்குளத்தான்:
அண்ணை, முகாமிலிருந்து வந்தபின் எடுத்த எக்ஸ்ரே ஒன்று அம்மாவின் பெட்டிக்குள் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. திங்கட்கிழமை சீடியோடு அதையும் கொண்டுபோகிறோம், அம்மாவும் வருகிறார்.