பத்தாம் வகுப்பு முடித்த மகள் புவியும் வானும் படிக்க விரும்புகிறாள்: பதினொன்றில் எந்தப் பிரிவு?

அம்பை அம்மா:

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தை அடுத்த கிராமத்தில் இருக்கிறோம். என் மகள் பத்தாம் வகுப்புத் தேர்வை இப்போதுதான் முடித்திருக்கிறாள். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு மொட்டை மாடியில் ஒரு மழைமானியை வைத்துக்கொண்டு, காலை எட்டரை மணிக்கு அளவெடுத்து நோட்டில் குறித்து வருகிறாள். மாஞ்சோலையில் கொட்டுகிற மழை நம் வயலுக்கு ஏன் வருவதில்லை, குற்றாலத்தில் சாரல் விழும்போது இங்கே காற்று மட்டும் ஏன் அடிக்கிறது என்று அவள் கேட்கும் கேள்விகளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மண், கடல், காற்று, வானம் எல்லாவற்றையும் ஒரே பாடமாகப் படிக்க வேண்டும் என்கிறாள். அப்படி ஒரு பாடம் மேல்நிலை வகுப்பில் இல்லை. உறவினர்களோ முதல் குரூப் எடுத்து மருத்துவத்துக்குப் படிக்கட்டும் என்கிறார்கள். எந்தப் பிரிவில் சேர்க்கலாம்? பள்ளியில் பாடமாக இல்லாததை இந்த இரண்டு ஆண்டுகளில் எப்படிப் படிப்பது? விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

களக்காட்டு வாத்தியார்:

தங்கச்சிக்கு வணக்கம். புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். அவள் தேடும் பாடம் நம் பாடத்திட்டத்தில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. நிலக்கோளம், வளிமண்டலம், நீர்க்கோளம், உயிர்க்கோளம் ஆகியவற்றை ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் படித்திருப்பாள். கோள்களின் இயக்கம் பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் ஈர்ப்பியல் என்ற பாடத்தில் வரும். சூழலியல் உயிரியலுக்குள் இருக்கிறது. மேல்நிலையில் புவியியல் தனிப் பாடமாக உண்டு என்றாலும், அதை வைத்திருக்கும் பள்ளிகள் நம் பக்கம் குறைவு.

சாரலைப் பற்றி அவள் கேட்டது மிக நல்ல கேள்வி. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி மேலேறும்போது குளிர்ந்து, மழையின் பெரும்பகுதியைக் கேரளப் பக்கத்திலேயே கொட்டிவிடுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும் ஈரக்காற்று குற்றாலத்துக்குச் சாரலைத் தருகிறது. மலையைக் கடந்து கீழே இறங்கும் காற்றோ வெப்பமடைந்து உலர்ந்துவிடுவதால், சமவெளிக்கு வரும்போது அதில் வேகம் இருக்கும், மழை இருக்காது. கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்கு இந்தக் காற்றுதான் காரணம். நம் வயலுக்கு நேரடி மழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஆனால் மலையில் இரண்டு பருவத்திலும் பெய்வதால்தான் பொருநை என்னும் தாமிரபரணி வற்றாமல் ஓடுகிறது.

எட்டரை மணிக்கு அளவெடுப்பதை அவள் விட்டுவிடக் கூடாது. இந்திய வானிலைத் துறையின் மழை நாளும் காலை 8.30 மணிக்குத்தான் முடிகிறது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான 95 செ.மீ. மழை, தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரியைவிட அதிகம். அதை நாம் உறுதியாகச் சொல்ல முடிவதே, யாரோ ஒருவர் அந்த மழையிலும் மானியைப் பார்த்துக் குறித்ததனால்தான்.

தேரிக்காட்டான்:

வாத்தியார் ஐயா சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். நான் நிலவியல் படித்தவன். பிரிவைப் பற்றி என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன்: கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் உள்ள பிரிவில் சேருங்கள். உறவினர்கள் சொல்லும் முதல் குரூப்பிலேயே இவற்றோடு உயிரியலும் இருப்பதால் சுற்றுச்சூழல் பக்கமும் கதவு அடைபடாது. அதை எடுத்தால் மருத்துவம்தான் படிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. திருவனந்தபுரத்தில் 2007இல் தொடங்கிய இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தின் இளநிலைப் படிப்புகளுக்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வு வழியாகத்தான் சேர்க்கிறார்கள். கணிதம் இல்லாமல் அங்கே நுழைய வழியில்லை. நிலவியல் என்றால் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. சுற்றுச்சூழல் அறிவியலுக்கு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் உயராய்வு மையம் உங்கள் ஊருக்கு அருகே ஆழ்வார்குறிச்சியில் உள்ளது. நிலவியலில் முதுநிலை முடித்தால் யூபிஎஸ்சி நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வை எழுதி இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்குப் போகலாம்.

வேலை ஒருபுறம் இருக்கட்டும். விடுமுறையில் திருச்செந்தூர் பக்கம் வந்தால் குதிரைமொழித் தேரி என்னும் செம்மணல் மேட்டில் ஒரு கைப்பிடி மணலும், மணப்பாடு கடற்கரையில் ஒரு கைப்பிடி மணலும் எடுத்துவரச் சொல்லுங்கள். வெள்ளைத் தாளில் பரப்பி உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால், தேரி மணலின் ஒவ்வொரு குவார்ட்ஸ் துகளின் மேலும் செம்பூச்சு படிந்திருப்பது தெரியும். அது இரும்பு ஆக்சைடு. தண்ணீரில் அலசினாலும் எளிதில் போகாது. கடற்கரை மணலில் கருப்பாகத் தெரிவது பெரும்பாலும் இல்மனைட், இளஞ்சிவப்பாக மின்னுவது கார்னெட். மேற்கே உள்ள பழம்பாறைகள் சிதைந்து, ஆறுகள் சுமந்துவந்த கனிமங்கள் இவை. அலை இலேசான துகள்களை அள்ளிச் சென்றுவிட, கனமானவை கரையில் பட்டை பட்டையாகத் தங்கிவிடுகின்றன. தேரியைக் குவித்தது காற்று, அந்தக் கரும்பட்டையைப் பிரித்தது அலை. இதை அவள் கையால் பார்த்துவிட்டால் பாடப்புத்தகத்தின் படிவுப் பாடம் அவளுக்கு மறக்காது.

அம்பை அம்மா:

அண்ணாச்சி இருவருக்கும் மிக்க நன்றி. கணிதம் உள்ள பிரிவையே எடுப்பதாக அவளும் சொல்லிவிட்டாள். வானத்தைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை என்று குறைப்படுகிறாள். எங்களிடம் தொலைநோக்கி இல்லை.

வள்ளியூர் வாசகி:

அக்கா, தொலைநோக்கி இல்லாமலேயே செய்யக்கூடிய அருமையான அளவீடு ஒன்று இருக்கிறது. நம் பகுதி ஏறத்தாழ 8.7 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வரும். சமதரையில் ஒரு குச்சியைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நட்டு, பன்னிரண்டு மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறிக்கச் சொல்லுங்கள். நிழல் மறைவது பன்னிரண்டு மணிக்கு இருக்காது, சுமார் 12.20க்கு இருக்கும். இந்தியத் திட்ட நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கத்தைக் கொண்டது. நாமோ அதற்கு ஏறத்தாழ 5 பாகை மேற்கே இருக்கிறோம். ஒரு பாகைக்கு 4 நிமிடம். இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் தன் ஊரின் தீர்க்கத்தை அவளே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். வானவியல் என்றாலே தொலைநோக்கி என்று பிள்ளைகள் ஏங்குகிறார்கள். முதலில் குச்சியும் கடிகாரமும் போதும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நாம் இருக்கும் இடமே விண்ணறிவியலுக்கு முக்கியமானது என்பதையும் அவளுக்குச் சொல்லுங்கள். மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறது. குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். வட, தென் துருவங்களின் மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்குச் செல்லும் ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டியிருப்பதால் எரிபொருள் வீணாகிறது. குலசையிலிருந்து தெற்கே திறந்த கடல்தான். காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் பூமியின் காந்த நடுக்கோடு நம் பக்கமாகச் செல்வதால், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இயங்குகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய இதைவிட வாய்ப்பான இடம் அமைவது அரிது. பள்ளி வழியாக அனுமதி கேட்டு எழுதினால் பார்க்க வாய்ப்புக் கிடைக்கலாம். தலைமையாசிரியரிடம் நீங்களே நேரில் கேளுங்கள்.

இளைய பிள்ளை யாராவது ஒன்பதாம் வகுப்பில் இருந்தால், இஸ்ரோவின் யுவிகா என்னும் விண்வெளி அறிவியல் பயிற்சிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அது அந்த வகுப்புக்கு மட்டும்தான். உங்கள் மகளுக்கு ஏற்றது வானியல் ஒலிம்பியாட்டும் புவி அறிவியல் ஒலிம்பியாட்டும். இரண்டுக்கும் பள்ளி மாணவர்கள் முதல்நிலைத் தேர்வு எழுதலாம். அறிவிப்பு வரும் மாதத்தைப் பள்ளி தவறவிட்டுவிடுவது வழக்கம், ஆகையால் ஜூன் மாதத்திலிருந்தே அவள் இணையத்தில் பார்த்துக்கொண்டு வரட்டும்.