போர்ட்ஃபோலியோ தளம் மொபைல் தேடலில் பின்தங்குகிறது, எங்கே தொடங்கலாம்?

கேள்வி:
ஃப்ரீலான்ஸ் லோகோ வடிவமைப்புக்கான தளம். கணினியில் சட்டென்று திறக்கிறது. மொபைலில் முதல் படம் வரவே 6 விநாடி. வாடிக்கையாளர் விசாரணைகளும் குறைவு. எதை முதலில் சரிசெய்வது?

பதில் 1:
அந்த முதல் படத்தைத்தான். எல்சிபி (LCP, திரையில் மிகப் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ தோன்ற ஆகும் நேரம்) 2.5 விநாடிக்குள் இருக்க வேண்டும். சின்னத் திரைக்கு 3000 பிக்சல் படத்தை அனுப்பினால் தாமதமாகத்தான் செய்யும். 480, 800, 1200 பிக்சல் அகலங்களில் வெப்பி (WebP, அளவு குறைந்த பட வடிவம்) வடிவில் சேமித்து எஸ்ஆர்சிசெட்டில் (srcset, பிரவுசர் தேர்ந்தெடுக்கப் பல அளவுப் படங்களைப் பட்டியலிடும் பண்பு) கொடுங்கள். படம் திரையில் எவ்வளவு அகலம் பிடிக்கும் என்று சொல்லும் சைசஸ் (sizes) பண்பையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் படம் திரை முழுக்க அகலம் என்று பிரவுசர் எடுத்துக்கொள்ளும். லேசி லோடிங் (திரைக்கு அருகே வரும்போதுதான் படத்தை ஏற்றுவது) கீழே வரும் படங்களுக்கு மட்டும். சில தீம்கள் (தயார்நிலைத் தள வடிவமைப்புகள்) முதல் படத்துக்கும் அதைப் போட்டுவிடுகின்றன, அவசியம் பாருங்கள்.

பதில் 2:
வேகத்தோடு உள்ளடக்கத்தையும் கவனியுங்கள். கூகுள் தேடலுக்காகப் படித்து அட்டவணைப்படுத்துவது தளத்தின் மொபைல் பதிப்பை. இடமில்லை என்று அதில் சேவை விவரத்தை நீக்கினால் தேடலிலும் அது இருக்காது. தட்டினால் விரியும்படி மடித்து வைக்கலாம், ஆனால் ஹெச்டிஎம்எல்லில் (பக்கத்தின் குறியீட்டில்) இருக்க வேண்டும். தட்டினால்தான் சர்வரிலிருந்து வரும் என்றால் கூகுள்பாட் (பக்கங்களைப் படிக்கும் கூகுளின் நிரல்) தட்டாது. சர்ச் கன்சோல் (தளம் கூகுள் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கருவி) தரும் யூஆர்எல் ஆய்வில் அந்த விவரத்தின் ஒரு வாக்கியத்தைத் தேடிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பதில் 3:
விசாரணைகள் கூட, தொடர்புப் படிவத்தைச் சுருக்குங்கள்: பெயர், தொடர்பு எண், தேவை. படிவப் பெட்டியின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோனில் பெட்டியைத் தட்டியதும் பக்கம் பெரிதாகிவிடும். பொத்தான் 48 பிக்சல் உயரம் இருக்கட்டும்.

கேட்டவர்:
நன்றி. கூகுளின் பேஜ்ஸ்பீடு வேகச் சோதனையில் மதிப்பெண் 90 வந்தால் போதுமா?

பதில் 1:
அது மட்டும் போதாது, அது ஆய்வகச் சோதனை. கூகுள் தரும் உண்மைப் பயனர் தரவு கடந்த 28 நாள் தொகுப்பு, மாற்றம் மெதுவாகவே தெரியும். வருகை குறைந்த தளத்துக்கு அது கிடைக்காமலும் போகலாம்.