கண்ணாடியில் வெள்ளைப் புழு, இறால் குஞ்சுகள் காணாமல் போகின்றன. மருந்து போடலாமா?

மாஸ்காடு:
வணக்கம். என்னிடம் 40 லிட்டர் தொட்டி ஒன்று இருக்கிறது. செர்ரி இறால் மட்டும்தான், மீன் கிடையாது. ஸ்பாஞ்ச் ஃபில்டர், நிறைய ஜாவா மாஸ் (பாசி மாதிரிச் செடி), ஒரு மரக்கட்டை, மூன்று நெரைட் நத்தைகள், அவ்வளவுதான். ஏழெட்டு மாதமாக ஓடுகிறது. முதலில் குஞ்சு குஞ்சாகப் பெருகி, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் இருந்தேன். இப்போது இரண்டு மாதமாக எல்லாம் தலைகீழ். முட்டை சுமக்கும் இறால்கள் எப்போதும் நான்கைந்து இருக்கின்றன, முட்டையும் ஒழுங்காகப் பொரிகிறது, மறுநாள் பார்த்தால் மாஸ் மேல் இருபது முப்பது புள்ளிகள் ஊர்கின்றன. ஒரு வாரம் கழித்து எண்ணினால் இரண்டோ மூன்றோதான். பெரிய இறால் ஒன்றுகூடச் சாகவில்லை.

போன வாரம் நடு ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள், ஐம்பதாவது இருக்கும். பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. இது குஞ்சைத் தின்னும் தட்டைப் புழு, பிளனேரியாதானே? நாய்க்குக் கொடுக்கும் குடற்புழு மருந்து, ஃபென்பெண்டசோல், போட்டால் போய்விடும் என்கிறார்கள். வாங்கி வைத்துவிட்டேன். எவ்வளவு போட வேண்டும்?

லென்ஸ்:
பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். முதலில் அது என்ன புழு என்று பார்த்துவிடலாம். இறால் தொட்டியில் வெள்ளையாக எது நகர்ந்தாலும் பிளனேரியா என்று பெயர் வைத்துவிடுகிறோம், பாதி நேரம் அது இல்லை.

பிளனேரியா தட்டையாக இருக்கும். தலை அம்பு முனை போல முக்கோணம், அதில் மாறுகண் போட்ட மாதிரி இரண்டு புள்ளிக் கண்கள். அது நெளியாது, கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போகும், எண்ணெய்த் துளி நகர்வது போல. நூல் மாதிரி மெல்லியதாக, தண்ணீரில் விழுந்ததும் எஸ் எழுத்து போல துள்ளித் துள்ளி நெளிந்தால் அது கழிவு தின்னும் புழு, மண்புழுவின் சொந்தக்காரன், யாரையும் கடிக்காது. மூன்றாவது ஒன்று உண்டு, 2 மில்லிமீட்டர்கூட இல்லாமல் வழுக்கும், ஆனால் தலை உருண்டை. ராப்டோசீலா என்பார்கள், அதையும் கண்டுகொள்ள வேண்டாம். ஃபோன் கேமராவின் முன்னால் ஒரு பூதக்கண்ணாடியைப் பிடித்துப் படம் எடுத்தால் தலை தெரிந்துவிடும்.

அப்படியே ஹைட்ராவும் இருக்கிறதா பாருங்கள். ஒரு காம்பு, நுனியில் நாலைந்து மயிரிழைக் கைகள், ஒட்டிய இடத்திலேயே நிற்கும், குச்சியால் தொட்டால் சுருங்கிப் பொட்டாகிவிடும். அது நிஜமாகவே புதுக்குஞ்சுகளைக் கொட்டிப் பிடிக்கும்.

மாஸ்காடு:
இப்போதுதான் பார்த்தேன். முக்கோணத் தலை இல்லை. 5, 6 மில்லிமீட்டர் நீளம், தையல் நூலைவிட மெல்லிசு, நீங்கள் சொன்ன மாதிரி எஸ் போட்டுத் துள்ளுகிறது. மணலுக்குள்ளிருந்தும் பாதி உடம்பை நீட்டிக்கொண்டு ஆடுகிறது. ஹைட்ரா ஒன்றுகூட இல்லை. ஆனால் அரிசிக் குருணையைவிடச் சின்னதாக வெள்ளைப் புள்ளிகள் விட்டு விட்டுத் தாவுகின்றன. அது வேறு பயமாக இருக்கிறது.

லென்ஸ்:
தாவுவது கோப்பிபாட் என்ற குட்டி நீருயிர், சைக்ளாப்ஸ் மாதிரி. மீன்குஞ்சு வளர்ப்பவர்கள் அதைத் தேடிப் பிடித்துப் போடுவார்கள், உங்களுக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது. புழு இத்தனை இருக்கிறதென்றால் தீனி அதிகம் என்று அர்த்தம். எத்தனை நாளைக்கு ஒரு தடவை போடுகிறீர்கள்? போட்டது இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் எடுத்துவிடுங்கள். மணலை மேலாகச் சைஃபன் செய்யுங்கள், அதாவது குழாயால் அழுக்கை உறிஞ்சி எடுங்கள். பதினைந்து நாளில் புழு தானாகக் குறையும்.

நத்தைப்பிரியை:
மருந்தைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் போட்டுப் பட்டவள். எனக்கு வந்தது நிஜப் பிளனேரியா. இறைச்சித் துண்டு வைத்த கண்ணாடிக் குழாய்ப் பொறியை விளக்கணைத்த பிறகு இறக்கி, இரண்டு மணி நேரத்தில் எடுத்தால் நாற்பது ஐம்பது மாட்டும், ஆனால் ஒரு மாதம் தினமும் செய்தும் தீரவில்லை. பொறுமை போய் ஒரு நாள் பிளேடால் கண்ணாடியைச் சுரண்டினேன். அதைவிடப் பெரிய முட்டாள்தனம் இல்லை, வெட்டுப்பட்ட ஒவ்வொரு துண்டும் தனிப் புழுவாக வளரும். கடைசியில் ஃபென்பெண்டசோல்தான். 22 சதவீதத் தூள் என்றால் 38 லிட்டருக்கு 0.1 கிராம், இதுதான் பலரும் போடும் அளவு. தராசு இல்லாமல் கண்ணளவில் போடாதீர்கள். மூன்று நாளில் பிளனேரியா ஒழிந்தது, இறால் ஒன்றுகூடச் சாகவில்லை.

ஆனால் நெரைட் நத்தைகளை வெளியே எடுக்க மறந்துவிட்டேன். ஓட்டுக்குள்ளிருந்து உடம்பு தொங்கிப்போய் வரிசையாகக் கிடந்தன. செத்த புழு வேறு அழுகி அமோனியா ஏறியதால் அந்த வாரம் முழுக்கத் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருந்தேன். ஐந்து மாதம் கழித்து, இனி ஒன்றும் ஆகாது என்று புதிதாக இரண்டு நெரைட் விட்டேன், அவையும் போய்விட்டன. அந்த மருந்து ஸ்பாஞ்சிலும் மண்ணிலும் அத்தனை நாள் தங்கும். உங்களிடம் மூன்று நெரைட் இருக்கின்றன என்று படித்ததும் பதறிப்போய் எழுதுகிறேன். பாக்கிலிருந்து எடுத்த சாற்றில் செய்த பொடியும் விற்கிறார்கள், பிளனேரியாவுக்கு அதுவும் கேட்கும், நத்தைக்கு அதுவும் ஆகாது.

கால்மணிநேரம்:
இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். என் இறால் ஒன்றின் மூக்கு நுனியில் வெள்ளையாக இரண்டு மூன்று நூல் முளைத்திருக்கிறது, மீசை மாதிரி. இதுவும் புழுவா?

லென்ஸ்:
தனித்தனி நூலாக நீண்டு சுருங்கினால் ஸ்குடாரியெல்லா, இறால் மேல் ஒட்டி வாழும் குட்டிப் புழு. ஒரு கப் தொட்டித் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பு, அயோடின் சேர்க்காத உப்பு, கரைத்து அந்த இறாலை மட்டும் வலையோடு 30 நொடி முக்கி எடுங்கள், ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். இறால் கழற்றிய ஓட்டுச் சட்டை தொட்டியில் கிடந்தால் உடனே எடுத்துவிடுங்கள், முட்டை அதில்தான் இருக்கும்.

ஊசித்தட்டான்:
மாஸ்காடு, எல்லோரும் புழுவையே பார்த்துக்கொண்டிருக்கிறோம், குஞ்சு எங்கே போகிறது என்பதற்கு இன்னும் பதில் வரவில்லையே. கழிவுப் புழு குஞ்சைத் தின்னாது. ஸ்பாஞ்ச் ஃபில்டர் உறிஞ்சவும் உறிஞ்சாது. பசியில் சாகிறது என்றால், முதல் ஐந்தாறு மாதம் இதே தொட்டியில் பிழைத்தது எப்படி? இரண்டு மாதத்துக்கு முன் தொட்டியில் புதிதாக என்ன போட்டீர்கள்? செடியா?

மாஸ்காடு:
ஆமாம்! ஒரு நண்பர் வெளியில் சிமெண்ட் தொட்டியில் வளர்க்கும் ஹார்ன்வார்ட் ஒரு கொத்து கொடுத்தார். குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசித்தான் போட்டேன்.

ஊசித்தட்டான்:
அப்படியானால் அலசியும் பயனில்லை. என் பெயரில் இருக்கும் பூச்சி, தும்பி மாதிரிப் பறக்கும் ஊசித்தட்டான், முட்டையைச் செடியின் மேல் ஒட்டாது, தண்டைக் கீறி உள்ளே செருகிவிடும். பொரிந்து வரும் குட்டி தண்ணீருக்குள்தான் வளரும், மாதக்கணக்கில். குச்சி மாதிரி உடம்பு, பச்சையோ பழுப்போ, வாலில் இலை போல மூன்று செவுள்கள். மாஸ் நடுவே அசையாமல் உட்கார்ந்திருக்கும். தாடைக்கு அடியில் மடித்து வைத்த உதட்டைச் சடாரென்று நீட்டிக் குஞ்சைப் பிடித்துவிடும். பெரிய இறாலைப் பெரும்பாலும் பிடிக்காது, அதனால்தான் உங்களுக்குப் பெரியது ஒன்றும் சாகவில்லை.

இதற்கு மருந்து தேடாதீர்கள். ஃபென்பெண்டசோல் இதை ஒன்றும் செய்யாது. பூச்சியைக் கொல்லும் மருந்து பெரும்பாலும் இறாலையும் கொல்லும், இரண்டும் ஒரே கணுக்காலி வம்சம். தாமிரம் கலந்த மீன் மருந்தும் வேண்டாம். கையால்தான் பிடிக்க வேண்டும். வெள்ளைத் தட்டில் தொட்டித் தண்ணீரை ஊற்றி, மாஸையும் ஹார்ன்வார்ட்டையும் கொத்துக் கொத்தாக அதில் போட்டு உதறிவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கையை விட்டுக் கிளறினால் அது செத்த மாதிரி கிடக்கும், உங்களுக்குக் குச்சியாகத்தான் தெரியும்.

நத்தைப்பிரியை:
இனிமேல் வெளிச் செடி எதுவானாலும் தனி வாளியில் ஒரு மாதம் போட்டு வையுங்கள். படிகாரத் தண்ணீரில் ஊறவைப்பவர்கள் உண்டு, நத்தை முட்டைக்குக் கேட்கும், தண்டுக்குள் இருப்பதற்குக் கேட்கும் என்று நான் நம்ப மாட்டேன்.

மாஸ்காடு:
பிடித்துவிட்டேன். ஹார்ன்வார்ட்டை உதறியதில் ஒன்றும் வரவில்லை, ஏழெட்டு குட்டி இறால்தான் விழுந்தன. சரி, இதுவும் பொய்தான் போல என்று மாஸை எடுத்தேன். அதில் ஒட்டியிருந்த காய்ந்த தண்டு மாதிரி ஒன்றைக் கிள்ளப் போனபோது அது இடுப்பை வளைத்து நீந்தியது. கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர். வாலில் மூன்று இலை, அச்சு அசலாக நீங்கள் சொன்னதுபோலவே. மறுநாள் ராத்திரி டார்ச்சில் இன்னொன்று, இதைவிடச் சின்னது, ஃபில்டர் குழாயில் உட்கார்ந்திருந்தது. பத்து நாளாக வேறு எதுவும் தென்படவில்லை. தீனியையும் இரண்டு நாளைக்கு ஒரு தடவையாகக் குறைத்துவிட்டேன். நேற்றுப் பொரிந்த குஞ்சுகளை இனிமேல்தான் எண்ண வேண்டும். மருந்துப் பொட்டலம் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.

ஊசித்தட்டான்:
பிடித்ததை என்ன செய்தீர்கள்? என் பெயரைப் பார்த்தாலே தெரியும், கேட்காமல் இருக்க முடியாது.

மாஸ்காடு:
கொல்ல மனம் வரவில்லை. ஆளுக்கொரு பாட்டிலில் இருக்கிறார்கள், ஏறி வர ஒரு குச்சியும் நட்டு வைத்திருக்கிறேன். மணலைச் சைஃபன் செய்யும்போது வரும் அந்த வெள்ளைப் புழுக்களைத்தான் இரண்டு பேருக்கும் போடுகிறேன், ஒன்றை மிச்சம் வைப்பதில்லை.