ஜிம்ப்பில் எவர்சில்வர் டம்ளர்: பளபளப்புக் கோடுகள் அடியில் குறுகவில்லை

வணக்கம். பாலர் வகுப்புப் பட அட்டைக்காக ஜிம்ப்பில் (கணினியில் படம் வரைய, திருத்த உதவும் மென்பொருள்) ஒரு எவர்சில்வர் டம்ளர் வரைகிறேன். வாய் அகலம், அடி குறுகல், நம் வீட்டு காபி டம்ளர்தான். உடல் பகுதிக்கு கிரேடியன்ட் (ஒரு நிறம் இன்னொன்றாக மெல்ல மாறும் நிரப்பு) போட்டால் வெள்ளைப் பளபளப்புக் கோடுகள் மேலிருந்து கீழே நேராகவே இறங்குகின்றன, டம்ளரின் சாய்வோடு சேர்ந்து குறுகவில்லை. உலோகம் என்ற உணர்வே வரவில்லை. சாம்பல் காகிதத்தை வெட்டி ஒட்டியது போல இருக்கிறது.

ஜிம்ப் 2.10.30, உபுண்டு 22.04. படம் 1200 × 1600 பிக்சல், 8 பிட். போன வாரம் ஆரம்பித்தது. வெளி வடிவமும் வாய் வளையமும் சரியாக வந்துவிட்டன.

செவ்வகத்தில் கிரேடியன்ட் நிரப்பி, பெர்ஸ்பெக்டிவ் கருவியால் அடியைக் குறுக்கிப் பார்த்தேன். கோடுகள் அழகாகக் குவிந்தன, ஆனால் பக்க ஓரங்கள் மங்கிவிட்டன. இன்டர்போலேஷனை (வடிவம் மாறும்போது பிக்சல்களைக் கணக்கிடும் முறை) க்யூபிக், நோஹேலோ, லோஹேலோ என்று மாற்றியும் அதேதான். அப்புறம் வெள்ளைக் கோட்டைத் தனி லேயரில் பாத் கருவியால் வரைந்து காஸியன் ப்ளர் கொடுத்தேன். மங்கல் எல்லா இடத்திலும் ஒரே அளவு என்பதால், கோடு மெலிந்திருக்கும் அடிப்பகுதியில் வெளிச்சமே கரைந்துபோகிறது.

ஓரம் கூர்மையாகவே இருந்து, பளபளப்பு மட்டும் அடியை நோக்கிக் குறுக, ஜிம்ப்பில் எதை முதலில், எதை அடுத்துச் செய்ய வேண்டும்?