முதல் பாகம் என்று போட்டிருந்தால் அது முதல் பாகம்தானா? காமிக்ஸ் வாங்குவோர் அனுபவப் பகிர்வு

பழுப்புத்தாள்:

நல்ல கதையைத் தவறான பதிப்பில் வாங்கித்தான் பலரும் காசை விடுகிறார்கள். கைக்கு வருவது நடுப்பாகமாக இருக்கும், அல்லது பாதிக் கதையில் புத்தகம் நின்றுவிடும், அல்லது எழுத்தைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டியிருக்கும். அவரவருக்குப் பழக்கமான வகையில் எதையெதைப் பார்த்து வாங்குகிறீர்கள் என்று எழுதுங்கள். அமெரிக்க காமிக்ஸை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அங்கே எல்லாம் மாத இதழிலிருந்துதான் தொடங்குகிறது. ஓர் இதழில் கதை 20 முதல் 22 பக்கம். ஐந்தாறு இதழ்களைச் சேர்த்து மெல்லட்டையில் போட்டால் டிரேட் பேப்பர்பேக். அதற்கு மேல் கெட்டி அட்டை டீலக்ஸ், இன்னும் நிறைய இதழ்களை ஒரே தடித்த புத்தகமாக்கிய ஆம்னிபஸ், காம்பென்டியம் என்று போகும். ஒரே கதை இத்தனை உருவத்திலும் விற்பனைக்கு இருக்கும்.

'பேட்மேன் வால்யூம் 1' என்று தேடினால் என்ன வரும்? டிசி நிறுவனம் 2011 செப்டம்பரில் தன் தொடர்களை மறுபடி 1-ஆம் இதழிலிருந்து தொடங்கியது. 2016-இல் இன்னொரு முறை. அதனால் ஸ்காட் ஸ்னைடர் எழுதிய 'தி கோர்ட் ஆஃப் அவுல்ஸ்' ஒரு வால்யூம் 1, டாம் கிங் எழுதிய 'ஐ ஆம் காத்தம்' இன்னொரு வால்யூம் 1. இரண்டும் வெவ்வேறு தொடர்கள். ஒன்றின் முதல் பாகத்தையும் மற்றதன் இரண்டாம் பாகத்தையும் வாங்கினால் தலையும் புரியாது, வாலும் புரியாது. பதிப்புரிமைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எந்தத் தொடரின் எத்தனையாவது இதழிலிருந்து எத்தனையாவது இதழ் வரை இந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று அங்கே பொடி எழுத்தில் போட்டிருக்கும். முதுகில் உள்ள எண்ணைவிட அந்த ஒரு வரிதான் முக்கியம். இணையத்தில் வாங்குகிறவர்கள் எழுத்தாளர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நீளமான தொடர் என்றால் முதலிலேயே கணக்குப் போட்டுவிடுங்கள். 'தி வாக்கிங் டெட்' 2003 முதல் 2019 வரை 193 இதழ்கள். டிரேடாக வாங்கினால் 32 புத்தகம், காம்பென்டியமாக வாங்கினால் நாலே புத்தகம். நாலு புத்தகம் மலிவுதான், ஆனால் ஒவ்வொன்றும் ஆயிரம் பக்கத்துக்கு மேல், மெல்லட்டை. படுத்துக்கொண்டு படிக்க முடியாது. நடுப்பக்கத்தில் மடக்கிப் பிடித்தால் முதுகில் வெள்ளைக் கோடு விழும், அடுத்த வாசிப்பில் அந்தக் கோட்டிலிருந்துதான் பசை விடும். முதல் டிரேடை மட்டும் வாங்கிப் படித்துப் பிடித்தால், அதோடு நிறுத்திவிட்டு முதல் காம்பென்டியத்துக்குப் போங்கள். ஆறு இதழ் இரட்டிப்பாகும், பரவாயில்லை. பிடிக்காத தொடரில் 48 இதழை வாங்கி மாட்டிக்கொள்வதற்கு அது மேல்.

அளவையும் பாருங்கள். 2024-இலிருந்து டிசி 'காம்பேக்ட்' என்ற சிறிய வடிவத்தில் மலிவாகப் போடுகிறது. பெரிய பெரிய கட்டங்கள் உள்ள கதைக்கு அது போதும். 'வாட்ச்மென்' பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்பது கட்டம் என்ற அமைப்பில் வரையப்பட்டது, பின்னணியில் உள்ள சுவரொட்டியும் செய்தித்தாள் தலைப்பும்கூடக் கதையில் சேர்த்தி. அதைச் சுருக்கிப் படிப்பது பாவம்.

வலமிருந்துஇடம்:

மாங்கா எனும் ஜப்பானிய காமிக்ஸில் எண் குழப்பம் கிடையாது, 1 என்றால் 1-தான். இங்கே பார்க்க வேண்டியவை இரண்டு. தொடர் முடிந்துவிட்டதா? மொத்தம் எத்தனை பாகம்?

'டெத் நோட்' 12 பாகம், 'புளூட்டோ' 8, 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' 27. எல்லாம் முடிந்தவை. 'வேகபாண்ட்' 37 பாகம் வந்து, 2015-க்குப் பிறகு நின்றே போய்விட்டது. ஓவியத்துக்காக வாங்கலாம், முடிவு வேண்டும் என்கிறவர்கள் தொடாதீர்கள். 'பெர்செர்க்' படைத்த கென்டாரோ மியுரா 2021-இல் காலமானார். அவருடைய நண்பர் கோஜி மோரியின் மேற்பார்வையில் மியுராவின் ஸ்டுடியோ கதையைத் தொடர்கிறது. 'ஒன் பீஸ்' 1997-இல் தொடங்கி நூறு பாகங்களைத் தாண்டிவிட்டது. அதை வாங்க முடிவெடுப்பது அலமாரி வாங்க முடிவெடுப்பதும்தான்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒரே புத்தகமாக முடிகிற ஒன்றை. திகில் பிடிக்கும் என்றால் ஜுஞ்ஜி இடோவின் 'உசுமாகி', மூன்று பாகமும் ஒரே கெட்டி அட்டையில் கிடைக்கிறது. கொஞ்சம் நீளமாக வேண்டும் என்றால் நவோகி உராசாவாவின் 'மான்ஸ்டர்'. பழைய பதிப்பில் 18 பாகம். 'பெர்ஃபெக்ட் எடிஷன்' என்று பெயர் போட்ட புதிய பதிப்பில் இரண்டிரண்டாகச் சேர்த்து 9. இரண்டு பதிப்பையும் கலந்து வாங்கிவிடாதீர்கள், பழையதின் 5-ஆம் பாகமும் புதியதின் 5-ஆம் பாகமும் கதையில் வெவ்வேறு இடம்.

'அகிரா'வில் இன்னொரு சிக்கல். ஆங்கிலத்தில் முதலில் வந்த பதிப்புகளில் இடமிருந்து வலமாகப் படிக்க வசதியாகப் படங்களைக் கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பிப் போட்டார்கள். வலக்கைக்காரர்கள் எல்லோரும் இடக்கைக்காரர்கள் ஆகிவிடுவார்கள். 2017-இல் வந்த 35-ஆம் ஆண்டு பெட்டியில்தான் ஆறு பாகமும் ஜப்பானிய முறைப்படியே இருக்கின்றன.

அடுத்தது திருட்டு அச்சு. நடைபாதையிலும் இணையத்திலும் இதுதான் கொட்டிக் கிடக்கிறது. முழு செட்டும் அசல் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். கையில் வாங்கிப் பார்க்க முடிந்தால் சாம்பல் நிறம் உள்ள ஒரு பக்கத்தைத் திறங்கள்: பள்ளிச் சீருடை, மாலை வானம், கன்னத்து நிழல். மாங்காவில் சாம்பல் நிறம் என்று தனியாக ஒன்று கிடையாது, எல்லாம் கறுப்புப் புள்ளிகள். அச்சான பக்கத்தை ஸ்கேன் செய்து மறுபடி அச்சடிக்கும்போது பழைய புள்ளிகளும் புதிய புள்ளிகளும் ஒன்றோடொன்று மோதும். அப்போது அந்த நிழலில் அலை அலையாகவோ கட்டம் கட்டமாகவோ ஒரு நெளிவு தெரியும். இல்லாவிட்டால் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு மொத்தமும் அப்பிய மையாகிவிடும். தலைமுடியின் மெல்லிய கோடுகளையும் பாருங்கள், போலியில் அவை அறுந்து அறுந்து தெரியும். முதுகை ஒட்டியுள்ள வசன பலூன்களில் முதல் எழுத்தோ கடைசி எழுத்தோ மடிப்புக்குள் போயிருக்கும்.

ஏழாம்பக்கம்:

கடைக்குப் போக வாய்ப்பில்லாதவர்கள் என்ன செய்வது? சிறிய ஊர்களில் இணையம் ஒன்றே வழி.

வலமிருந்துஇடம்:

ஏழாம்பக்கம், விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: பின்னட்டை, பதிப்புரிமைப் பக்கம், நிழல் உள்ள ஏதாவது ஓர் உள்பக்கம் கிட்டத்தில். பின்னட்டையிலும் உள்ளேயும் உள்ள 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண் ஒன்றாக இருக்க வேண்டும். அதைப் பதிப்பாளரின் தளத்தில் போட்டால் அதே அட்டை வர வேண்டும். எண்ணையும் போலி செய்வார்கள் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். படம் அனுப்ப மறுக்கிற கடையை விட்டுவிடுங்கள்.

சிவகாசிசந்தா:

தமிழ்ப் பக்கம் வருவோம். 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ், 1984-இல் சாகச நாயகி மாடஸ்டியோடு லயன் காமிக்ஸ், அதே ஆண்டில் ராணி காமிக்ஸும். ராணி 2005-இல் நின்றுவிட்டது. லயன்-முத்து 2012-இல் புது வேகத்தோடு திரும்பி வந்து இன்றும் சிவகாசியிலிருந்து வருகிறது.

பழைய பாக்கெட் சைஸ் இதழுக்குப் பெரிய தொகை கொடுக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய ஆல்பத்தின் பக்கம் ஏறக்குறைய 22-க்கு 29 செ.மீ. அதில் ஒன்பது பத்துக் கட்டங்கள். உள்ளங்கையளவுப் பக்கத்துக்கு அது வர வேண்டுமென்றால் கட்டங்களைக் கத்தரித்து, பக்கத்துக்கு இரண்டு மூன்றாக ஒட்டுவார்கள். இடம் போதாத கட்டத்தின் ஓரம் வெட்டுப்படும், பெரிய நிலக்காட்சி இரண்டாகும், சில கட்டங்கள் காணாமலே போகும். அந்த இதழ்களுக்கு நினைவின் மதிப்பு உண்டு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கதையை முழுசாகப் படிக்க வேண்டும் என்றால் மறுபதிப்பைத்தான் தேட வேண்டும். 'XIII' தொடரின் தமிழ் வடிவமான 'இரத்தப் படலம்' 2010-இல் 18 பாகமும் கறுப்பு வெள்ளையில் ஒரே குண்டு புக்காக வந்தது, 2018-இல் வண்ணத்தில் வந்தது. கேப்டன் டைகரின் 'மின்னும் மரணம்' 2015-இல் வண்ணத் தொகுப்பானது. துண்டு துண்டாகச் சேர்க்கிறவர்கள் இந்தத் தொகுப்புகளை முதலில் விசாரியுங்கள்.

எந்த நாயகரை எங்கிருந்து தொடங்குவது என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. டெக்ஸ் வில்லர் எங்கிருந்து வேண்டுமானாலும். இத்தாலியில் 1948 முதல் வருகிற தொடர் அது. மூலத்தில் ஒரு கதை இரண்டு மூன்று மாத இதழ்களில் ஓடும், தமிழில் அதைச் சேர்த்து முழுக்கதையாகத் தருவார்கள். லக்கி லூக்கும் அப்படியே. தோர்கலும் இரத்தப் படலமும் வரிசை தவறினால் கெட்டுவிடும். தோர்கலில் பிள்ளைகள் பிறந்து வளர்கிறார்கள். இரத்தப் படலத்தில் நினைவிழந்தவன் தான் யார் என்று ஒவ்வோர் ஆல்பத்திலும் ஓர் அடுக்கை உரிக்கிறான். எட்டாவதை முதலில் படித்துவிட்டால் முதல் ஏழின் மர்மமும் போச்சு.

மாயாவியையும் மாடஸ்டியையும் ஒரே மூச்சில் படிக்காதீர்கள். மாயாவி 1962-இலிருந்து பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் சில சில பக்கங்களாக வந்தவர், அதனால் நாலைந்து பக்கத்துக்கு ஓர் ஆபத்து வந்தே தீரும். மாடஸ்டி 1963-இல் தொடங்கிய நாளிதழ்ப் படக்கதை. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கட்டம், முதல் கட்டத்தில் நேற்று நடந்ததை ஒரு வரியில் நினைவூட்டுவார்கள். தொகுப்பாகப் படிக்கும்போது அந்த நினைவூட்டல் அலுப்புத் தட்டும், நாளுக்குப் பத்துப் பக்கம் என்றால் சுவை தெரியும். மாடஸ்டியை ஆங்கிலத்தில் முழுசாக வேண்டுவோருக்கு டைட்டன் நிறுவனத்தின் 30 தொகுதிகள் இருக்கின்றன.

லயன்-முத்து இதழ்கள் குறைந்த பிரதிகளே அச்சாகின்றன. வேண்டும் என்று தெரிந்தால் சந்தாவிலோ புத்தகக் கண்காட்சி அரங்கிலோ அப்போதே வாங்கிவிடுவது நல்லது. தீர்ந்துபோனதைப் பல மடங்கு விலைக்கு வெளியில் வாங்கும் முன், மறுபதிப்பு வருகிறதா என்று பதிப்பகத்திலேயே கேட்டுவிடுங்கள்.

குண்டுபுக்பிரியன்:

சந்தா சார் சொன்ன கத்தரி வேலை தமிழில் மட்டும் நடந்ததல்ல. ஹ்யூகோ பிராட்டின் கோர்ட்டோ மால்டீஸ் முதல் கதையை 2012-இல் அமெரிக்காவில் வண்ணத்தில் போட்டபோதும் கட்டங்களை வெட்டி மாற்றி அடுக்கினார்கள். பிறகு யூரோகாமிக்ஸ் வெளியிட்ட கறுப்பு வெள்ளைப் பதிப்பு 12 தொகுதிகள், வாங்க வேண்டியது அதைத்தான்.

ஆங்கிலத்தில் பிராங்கோ-பெல்ஜிய ஆல்பம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சினிபுக் பதிப்பகத்தில் வந்து நிற்பார்கள். அவர்களுடைய எண் வரிசை மூல வரிசை அல்ல. 'பிளேக் அண்ட் மார்ட்டிமர்' 1-ஆம் எண் 'தி யெல்லோ எம்', மூலத்தில் அது 6. லக்கி லூக் 1-ஆம் எண் 'பில்லி தி கிட்', மூலத்தில் 20. லக்கி லூக்கில் இதனால் நட்டமில்லை. லார்கோ வின்ச்சில் கவனம் வேண்டும், அங்கே ஒரு கதை இரண்டு ஆல்பத்தில் முடியும். சினிபுக்கின் முதல் எண்ணில் அந்த இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. எல்லா எண்ணிலும் அப்படி இருக்காது, பக்க எண்ணிக்கையைப் பாருங்கள்: 48 என்றால் பாதிக் கதை, 96-ஐ ஒட்டி இருந்தால் முழுக் கதை. லார்கோ வின்ச்சின் அளவும் மூலத்தைவிடச் சிறிது, சுமார் 18-க்கு 26 செ.மீ.

ஏழாம்பக்கம்:

தொடரே வேண்டாம், ஒரே புத்தகம், கனமான விஷயம் என்றால்?

பழுப்புத்தாள்:

'மவுஸ்', முழுத் தொகுப்பாக. 1986-இலும் 1991-இலும் இரண்டு பாகமாக வந்தது. முதல் பாகம் மட்டும் பழைய புத்தகக் கடைகளில் அடிக்கடி தனியாகக் கிடைக்கும், அது ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் வாசலோடு நின்றுவிடும். 'பெர்செபோலிஸ்' அப்படியே, 'கம்ப்ளீட்' என்று அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். நம் மண்ணுக்குப் பக்கத்தில் என்றால் அம்பேத்கரைப் பற்றிய 'பீமாயனா', துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் கோண்டு ஓவிய மரபில் வரைந்தது. சதுரக் கட்டமே இல்லாமல் ஒரு கதையை எப்படி நகர்த்துவது என்று அதில் பார்க்கலாம். ஓரிஜித் சென் 1994-இல் நர்மதை அணைப் போராட்டத்தைப் பின்னணியாக்கி வரைந்த 'ரிவர் ஆஃப் ஸ்டோரிஸ்' நெடுங்காலம் கிடைக்காமல் இருந்து, 2022-இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் வழியாகத் திரும்ப வந்தது. ஈழப் போரின் கடைசிக் காலத்தை ஒரு குடும்பத்தின் வழியாகச் சொல்லும் 'வன்னி' 2019-இல் வந்தது. சாட்சியங்களிலிருந்து கட்டிய கதை, ஒரே இரவில் படித்து முடிக்கும் வகை அல்ல.

மூர்மார்க்கெட்:

பழைய பிரதி வாங்குகிறவர்களுக்கும், வாங்கியதை வைத்துக் காப்பாற்றுகிறவர்களுக்கும் சில விஷயங்கள்.

பின் அடித்த இதழ் என்றால் நடுப்பக்கத்தை முதலில் திறங்கள். பின் துருப்பிடித்தால் அந்தத் தாள்தான் முதலில் கழன்று விழும், விற்பவருக்கே தெரியாமல் போயிருக்கும். பக்க எண்களை ஓட்டிப் பாருங்கள். கடைசி உள்ளட்டையில் போட்டிக் கூப்பன் வெட்டியிருந்தால் அதன் பின்புறத்துக் கதையும் போயிருக்கும். ஓரத்தில் ஒழுங்கற்ற சின்னச் சின்ன அரிப்பு இருந்தால் ராமபாணப் பூச்சி. அந்தப் பிரதியைத் தனியாக வைத்துச் சுத்தம் செய்யாமல் மற்றவற்றோடு சேர்க்காதீர்கள்.

உறை போடும்போது கனமான, வாசம் அடிக்கிற பிவிசி உறை வேண்டாம். அதில் உள்ள மென்மையாக்கி நாள்பட வெளியே வந்து அட்டை மையோடு ஒட்டிக்கொள்ளும், உரித்தால் படமும் சேர்ந்து வரும். பாலிபுரொப்பிலீன் உறை போதும். வண்ண ஆர்ட் பேப்பர் புத்தகம் நனைந்தால் இன்னும் ஆபத்து, மேற்பூச்சு இளகிக் காயும்போது பக்கமும் பக்கமும் ஒரே பலகையாகிவிடும். ஈரமாக இருக்கும்போதே பக்கங்களுக்கு இடையில் வெள்ளைத் தாளைச் செருகி மின்விசிறியின் கீழ் நிறுத்திக் காயவிட்டால் ஓரளவு மீட்கலாம், காய்ந்த பிறகு பிரிக்க முயன்றால் கிழியும். கடலோர ஊர்களில் மழைக்காலம் முழுக்க அலமாரியை வெளிச்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, ஈரம் ஏறியதும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆயிரம் பக்க ஆம்னிபஸ்களைச் செங்குத்தாக நிறுத்தினால் உள்தாள் கட்டு தன் எடையிலேயே முன்னால் சாய்ந்து முதுகை இழுக்கும். அவற்றைப் படுக்கவைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்றுக்கு மேல் போகாமல் அடுக்குங்கள்.